வீட்டுக்கல்வி: லத்தீன் தெரியாத பெற்றோர் லத்தீன் சொல்லிக்கொடுக்க முடியுமா?

பிளேனோக்காரி (கேள்வி)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். டெக்சாஸில் இருக்கிறோம். பெண்ணுக்கு 11, பையனுக்கு 8. இருவரும் இப்போது அரசுப் பள்ளியில். வரும் ஆகஸ்டிலிருந்து வீட்டிலேயே கிளாசிக்கல் கிறிஸ்தவ முறையில் பாடம் நடத்த முடிவு செய்திருக்கிறோம். ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கல்வி பற்றிப் பேசியது, இலக்கணம், தர்க்கம், சொற்கலை என்ற மூன்று படி, நாலு வருடச் சரித்திரச் சுற்று வரைக்கும் படித்தாயிற்று. இடிப்பது நடைமுறைதான்.

பள்ளியிலிருந்து எடுக்க என்ன எழுதிக்கொடுக்க வேண்டும்? எனக்கும் அவருக்கும் ஒரு எழுத்து லத்தீன் தெரியாது. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது? பாடத்திட்டத்தில் முதல் வருடமே கிரேக்கப் புராணம் வருகிறது, ஊரிலுள்ள பெரியவர்கள் "விக்கிரகக் கதையை ஏன் வீட்டுக்குள் கொண்டுவருகிறாய்" என்கிறார்கள். மனப்பாடத்தின் அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நாலைந்து வருடத்தில் சென்னைக்குத் திரும்பினால் பத்தாம் வகுப்புக்கு என்ன வழி?

பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள்.

---

கணக்குப்பிள்ளை

சட்டமும் நேர அட்டவணையும் நான் சொல்கிறேன். மற்றதற்கு ஆட்கள் வருவார்கள்.

டெக்சாஸில் வீட்டுப்பள்ளி என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு தனியார் பள்ளி. லீப்பர் வழக்கில் 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. பதிவு கிடையாது, ஆண்டுத் தேர்வு கிடையாது, யாரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள். எழுத்தில் உள்ள ஒரு பாடத்திட்டத்தை வைத்து வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தையும் உண்மையாகவே நடத்த வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே அரசுப் பள்ளியில் பெயர் இருப்பதால் விலகல் கடிதம் தர வேண்டும். அதில் பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து வீட்டில் படிக்கிறார்கள் என்பது, உங்கள் கையெழுத்து, தேதி போதும். மின்னஞ்சலில் அனுப்பி, அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்பி, இரண்டின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். பலர் தவறுவது வரிசையில்: பிள்ளையை முதலில் நிறுத்திவிட்டுக் கடிதத்தைப் பத்து நாள் கழித்து எழுதுகிறார்கள். அந்தப் பத்து நாளும் காரணமில்லாத ஆப்சென்ட் ஆகி, வருகைக் குறைவு நோட்டீஸ் வீட்டுக்கு வந்து நிற்கும். கடிதம் முன்னே போகட்டும், பிள்ளை பின்னே நிற்கட்டும்.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மாநிலம் மாறினால் சட்டமும் மாறும். வட கரோலினாவுக்குப் போனால் மாநில அலுவலகத்துக்கு முன்னறிவிப்பும் வருடம் ஒரு தரப்படுத்தப்பட்ட தேர்வும் உண்டு. பென்சில்வேனியாவில் உறுதிப் பத்திரம், 180 நாள் கணக்கு, பிள்ளையின் வேலைகளைத் தொகுத்த கோப்பு, அதைப் பார்த்து ஒப்புதல் தரும் மதிப்பீட்டாளர் எல்லாம் வேண்டும். நியூயார்க்கில் காலாண்டுக்கு ஒரு அறிக்கை. எனவே டெக்சாஸ் கேட்காவிட்டாலும் வருகைத் தாளும், பாடத்துக்கு ஐந்தாறு மாதிரித் தாள்களும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். இந்தியா திரும்பும்போதும் அது உதவும்.

நேரம்: 8 வயதுக்கு மூன்று மணி நேரம், 11 வயதுக்கு நாலரை. அதற்கு மேல் ஓட்டினால் நவம்பரில் தாயும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. வேதம், சரித்திரம், அறிவியல் மூன்றும் இருவருக்கும் சேர்த்து. கணக்கும் மொழியும் மட்டும் தனித்தனி. சரித்திரச் சுற்றில் இருவரும் ஒரே காலத்தில் இருப்பதுதான் முக்கியம்: முதல் வருடம் பண்டைக் காலம், அடுத்து இடைக்காலம், பிறகு நவீனத் தொடக்கம், நாலாவது 19, 20-ஆம் நூற்றாண்டுகள். சிறியவனுக்குப் படம் பார்த்துச் சொல்லும் கதை, பெரியவளுக்கு அதே அத்தியாயத்தில் அரைப் பக்கச் சுருக்கமும் வரைபடமும். ஆளுக்கொரு காலம் என்று பிரித்தீர்களானால் நீங்கள் இரண்டு பள்ளி நடத்த வேண்டியிருக்கும்.

பண்டைக் கால வருடத்தில் ரோம் வரும்போது, ரோமோடு வணிகம் செய்த சேரர் துறைமுகமான முசிறியை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார். அந்தக் காசுகள் கரூர்ப் பக்கம் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. அமெரிக்கப் பாடநூலில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது.

---

நான்காம்வேற்றுமை

லத்தீன் பற்றி மட்டும்.

சிஸ்டர், நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதிய வரிதான் உங்கள் கையிலுள்ள பெரிய முதல்: "பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள்." ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு முதல் இரண்டு மூன்று மாதம் போவதே ஒரு விஷயத்தைப் புரியவைக்கத்தான்: பெயர்ச்சொல்லின் வால் மாறினால் வாக்கியத்தில் அதன் வேலை மாறும். "அம்மாவை, அம்மாவுக்கு, அம்மாவின்" என்று மூன்று வயதிலிருந்து பேசும் பிள்ளைக்கு இதில் புரியவைக்க எதுவும் இல்லை. பெயர் சூட்டினால் போதும்.

ஆகவே ஆகஸ்டில் லத்தீன் நூலைத் திறக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தமிழ் வேற்றுமை. மரம், மரத்தை, மரத்தால், மரத்துக்கு, மரத்திலிருந்து, மரத்தின், மரத்தில், மரமே. எட்டையும் விரல்விட்டுச் சொல்லட்டும். பிறகு அம்மா, பையன், ஊர் என்று மாற்றிப் போடுங்கள். அதற்குப் பின் லத்தீன்.

பொருத்தம் இப்படி. எழுவாய் எழுவாயேதான். லத்தீனின் இரண்டாவது நிலை நம் ஆறாம் வேற்றுமை, மூன்றாவது நம் நான்காம் வேற்றுமை, நான்காவது நம் இரண்டாம் வேற்றுமை. ஐந்தாவதாக வருவது நம் மூன்று, ஐந்து, ஏழு மூன்றையும் ஒரே சட்டிக்குள் போட்டது: வாளால், நகரத்திலிருந்து, நகரத்தில் மூன்றுக்கும் ஒரே உருபு, எது என்பதைப் பெரும்பாலும் முன்னால் வரும் சிறு சொல் காட்டிக்கொடுக்கும். விளி நம் எட்டாவது. அமெரிக்க நூல்களின் வரிசையில் பிள்ளை பாடுவது "ஒன்று, ஆறு, நாலு, இரண்டு, மிச்சம்" என்று அமையும். காடு என்ற சொல்: சில்வ, சில்வே, சில்வே, சில்வம், சில்வா. பன்மை: சில்வே, சில்வாரும், சில்வீஸ், சில்வாஸ், சில்வீஸ். பிரிட்டன் நூல்களில் வரிசை வேறு: எழுவாய், விளி, இரண்டாம் வேற்றுமை என்று போகும். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று இரண்டையும் கலந்தால் வாய்ப்பாட்டு ஓசை குலைந்து இரண்டுமே நிற்காது.

வினையும் அப்படியே. அமோ, அமாஸ், அமத், அமாமுஸ், அமாதிஸ், அமந்த்: நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான், நேசிக்கிறோம், நேசிக்கிறீர்கள், நேசிக்கிறார்கள். "நான்" என்று தனியாகச் சொல்ல வேண்டாத மொழி நமக்குப் புதிதா என்ன? வாக்கிய அமைப்பும் பெரும்பாலும் வினையில் முடியும். "அக்ரிகொல புவெல்லம் அமத்" என்பதை "உழவன் பெண்ணை நேசிக்கிறான்" என்று சொல்லுக்குச் சொல் வைத்துவிடலாம். "மிஹி லிபெர் எஸ்த்" என்றால் "எனக்கு ஒரு புத்தகம் இருக்கிறது", அதே நான்காம் வேற்றுமை. இந்த இடத்தில் ஆங்கிலப் பிள்ளைகளுக்கு ஒரு முழு அத்தியாயம் வேண்டும்.

எனவே மொழிபெயர்ப்பை முதலில் தமிழுக்குச் செய்யச் சொல்லுங்கள், ஆங்கிலத்துக்கு அப்புறம். வீரமாமுனிவர் லத்தீன் வழியாகத் தமிழ் இலக்கணம் எழுதினார். 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. நீங்கள் அந்தப் பாலத்தில் எதிர்ப்பக்கமாக நடக்கிறீர்கள்.

இனி, தமிழ்ப் பிள்ளை சறுக்கும் இடங்கள். எந்தப் பாடநூலிலும் இவை இருக்காது, ஏனென்றால் அவை நமக்காக எழுதப்பட்டவை அல்ல.

முதலாவது, விடுபடும் "ஐ". பேச்சில் "தண்ணி குடிச்சான்" என்கிறோம், "தண்ணீரை" என்பதில்லை. அதனால் பிள்ளை "புவெர் அக்வ பிபித்" என்று எழுவாயிலேயே எழுதிவிடும். "அக்வம்" என்று வர வேண்டும். லத்தீனில் உருபு தொகாது. மருந்து: பாட நேரத்தில் மட்டும் "தண்ணீரைக் குடிக்கிறான், புத்தகத்தைப் படிக்கிறாள்" என்று முழுசாகப் பேசுவது. ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இரண்டாவது, மரியாதைப் பன்மை. "அப்பா வருகிறார்" என்பதை வைத்துக்கொண்டு வினையைப் பன்மையில் எழுதுவார்கள். லத்தீனில் அப்பாவும் ஒருமை, ராஜாவும் ஒருமை. கர்த்தருடைய ஜெபத்தில் நாம் "தாரும்" என்கிறோம்; லத்தீன் ஜெபத்தில் "க்வீ எஸ் இன் சேலிஸ்", அதாவது "வானங்களில் இருக்கிறாய்" என்று ஒருமையிலேயே நிற்கும். இதை முதல் வாரமே காட்டிவிடுங்கள். பிறகு குழப்பம் வராது.

மூன்றாவது, பெயரடை. நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு: நமக்கு "நல்ல" அசையாது. லத்தீனில் பெயர்ச்சொல்லின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் பெயரடை வளைய வேண்டும். போதாதென்று மேசை பெண்பால், தோட்டம் ஆண்பால். உயர்திணை, அஃறிணை என்ற நம் கணக்கு இங்கே உதவாது. சொல்லை மனப்பாடம் செய்யும்போதே பாலையும் சேர்த்துச் சொல்லவைப்பது ஒன்றே வழி.

நான்காவது, ஏழெட்டாம் வாரச் சரிவு. அலிப்பால் சொற்கள் வரும்போது "பெல்லும்" (போர்) பன்மையில் "பெல்ல" ஆகும். அதைப் பார்த்தால் "புவெல்ல" மாதிரியே இருக்கும், ஆனால் இது பன்மை, அது ஒருமை. அலிப்பாலில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் எப்போதும் ஒரே உருவம் என்பதை, நம் பேச்சில் "ஐ" விடுபடுவதோடு ஒப்பிட்டுச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். இந்த இடத்தில் புதுப் பாடத்தை நிறுத்தி இரண்டு வாரம் பழையதைத் திருப்புங்கள். நிறுத்தாமல் ஓட்டியவர்கள் கிறிஸ்துமஸுக்குள் நூலை மூடிவிடுகிறார்கள்.

தமிழ் கைகொடுக்காத இடமும் ஒன்று உண்டு: "எவன் வந்தானோ அவன்" வகைத் தொடர்கள். நாம் "வந்த பையன்" என்று பெயரெச்சமாக முடித்துவிடுவோம். அங்கே மட்டும் ஆங்கிலத்தின் வழியாகப் போங்கள்.

வார வேலை, பெண்ணுக்கு: திங்கள் புது வாய்ப்பாடு ஒன்று, சொல் பத்து. செவ்வாய் லத்தீனிலிருந்து தமிழுக்கு வாய்மொழியாக. புதன் தமிழிலிருந்து லத்தீனுக்கு ஐந்து வாக்கியம், எழுத்தில். வியாழன் அந்த ஐந்தையும் சொல் சொல்லாகப் பிரித்து வேற்றுமை, எண், பால் சொல்வது. வெள்ளி சிறு தேர்வு, பாதிக் கேள்வி முந்தைய மூன்று வாரத்திலிருந்து. நாளுக்கு 25 நிமிடம். பத்துக்கு எட்டு வராவிட்டால் அதே பாடம் மறுவாரமும். நீங்கள் இரண்டு பாடம் முன்னே இருந்தால் போதும், ஆனால் பயிற்சியை உங்கள் கையால் எழுதிப் பார்த்திருக்க வேண்டும். விடைப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்துகிற பெற்றோருக்கு எது தவறு என்று தெரியும், ஏன் தவறு என்று தெரியாது.

பையனுக்கு இந்த வருடம் இலக்கணம் வேண்டாம். ஜெபம் இரண்டு, வாய்ப்பாடு பாடுவது, பொருள்களின் பெயர். பத்து நிமிடம்.

---

பிளேனோக்காரி

பிரதர், தலை சுற்றினாலும் தெம்பாக இருக்கிறது. உச்சரிப்பு எது? ஒரு நூலில் "வேனி வீதி வீச்சி" என்று ஒலிநாடா, இன்னொன்றில் "வேனி வீதி வீக்கி". தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பையன் வாசிக்கலாமா?

---

நான்காம்வேற்றுமை

முன்னது சபை உச்சரிப்பு, பின்னது ரோமானியர் பேசியதாக மொழியியலாளர்கள் மீட்டெடுத்த உச்சரிப்பு. பின்னதில் வகரம் உதடு குவித்து வரும். ஜெபமும் பாட்டும் முதலில் என்றால் சபை உச்சரிப்பு. மகள் பிற்காலத்தில் கல்லூரியில் படிப்பாள் என்றால் இரண்டாவது. எது என்பது பெரிய விஷயமில்லை. வாங்கும் நூலின் ஒலிப்பதிவு எதுவோ அதுவே வீட்டிலும். நடுவில் மாற்றாதீர்கள்.

உச்சரிப்பிலும் நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் லாபம் உண்டு. லத்தீனின் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றும்: "புவெல்ல" என்றால் பெண், "புவெல்லா" என்று நீண்டால் பெண்ணால். ஒற்று இரட்டித்தாலும் பொருள் மாறும். படு, பாடு, பட்டு மூன்றும் வேறு என்று தெரிந்த காதுக்கு இது கேட்கும். அவர்களுடைய தகரமும் பல்லில் படும் நம் தகரம்தான், அமெரிக்க டகரம் இல்லை. "எங்களுக்குத் தா" என்பதற்கு "தா நோபிஸ்" என்றே வரும். இது தற்செயல், உறவு ஒன்றுமில்லை. யாராவது வாட்ஸப்பில் ஆரம்பித்துவிடப் போகிறார்கள்.

தமிழ் எழுத்தில் எழுதித்தராதீர்கள். பகரத்துக்கு ஒரே எழுத்து, தகரத்துக்கும் ஒரே எழுத்து என்பதால் அவன் பாதிச் சொற்களைத் தப்பாகப் பிடித்துக்கொள்வான். இங்கே நான் எழுதியிருப்பது நமக்காக. அவன் ரோமன் எழுத்திலேயே பார்க்க வேண்டும், நெடிலுக்கு மேலே கோடு போட்டு.

---

பெட்டிக்கடை

மனப்பாட மலைப்புக்கு என் பங்கு. அளவு உங்களை மலைக்கவைக்கிறது, சரி. ஆனால் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது திருப்புதல் முறை இல்லாததுதான். வாரம் ஒரு நாள் கூடும் வீட்டுப்பள்ளிக் குழுக்களில் ஆண்டுக்கு 24 வாரம், வாரத்துக்கு ஆறேழு பாடத்தில் ஒவ்வொரு துணுக்கு என்று ஓடும். அதை அப்படியே வீட்டில் ஏற்றினால் மே மாதம் 24-வது வாரம் தெரியும், மூன்றாவது வாரம் போயிருக்கும்.

ஒரு அட்டைப்பெட்டி வாங்குங்கள். உள்ளே 41 தடுப்பு அட்டை: "தினமும்" ஒன்று, "ஒற்றை நாள்", "இரட்டை நாள்" இரண்டு, கிழமைக்கு ஏழு, தேதிக்கு 31. புது வசனமோ வாய்ப்பாடோ ஒரு அட்டையில் எழுதித் "தினமும்" பிரிவில் வையுங்கள். தடங்கல் இல்லாமல் சொல்ல வந்ததும் ஒற்றை அல்லது இரட்டை நாளுக்கு நகர்த்துங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு கிழமைக்கு. ஐந்தாறு வாரம் நின்றால் ஒரு தேதிக்கு. எந்த நாளிலும் நீங்கள் திறப்பது நாலு பிரிவுதான்: தினமும், ஒற்றை அல்லது இரட்டை, இன்றைய கிழமை, இன்றைய தேதி. சாப்பாட்டு மேசையில் எட்டு நிமிட வேலை.

கெடுவது இரண்டு இடத்தில். "தினமும்" பிரிவில் ஒரே நேரத்தில் மூன்று அட்டைக்கு மேல் சேரக்கூடாது. ஆர்வத்தில் பத்து வைப்பார்கள், பெட்டி அங்கேயே அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, தேதிப் பிரிவில் திக்கினால் அட்டையைக் கூச்சப்படாமல் "தினமும்" பிரிவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பல பெற்றோர் "பரவாயில்லை, தெரியும்" என்று விட்டுவிடுவார்கள். ஆறு மாதத்தில் பெட்டி முழுக்க அரைகுறை.

வேதவசனத்தைத் தமிழில் மனப்பாடம் செய்யவையுங்கள். யோவான் முதல் அதிகாரம் முதல் வசனம் ஒரு அட்டையில் தமிழும் பின்புறம் லத்தீனும். "ஆதியிலே வார்த்தை இருந்தது": இன் ப்ரின்சிபியோ எரத் வெர்பும். "தேவனிடத்தில்" என்பதற்கு முன்சொல்லும் இரண்டாம் வேற்றுமையும், "தேவனாயிருந்தது" என்பதில் இரண்டு எழுவாய். பாடமும் ஆயிற்று, தியானமும் ஆயிற்று.

---

வடக்குவாசல்

மேலே எல்லோரும் நல்லதே சொல்லியிருக்கிறார்கள். அஸ்திவாரத்தில் ஒரு கல்லை மட்டும் அசைக்கிறேன்.

"முதல் படியில் கிளிப்பிள்ளை, அடுத்ததில் வாயாடி, பிறகு கவிஞன்" என்ற வயதுக் கணக்கு இடைக்காலத்தது அல்ல. அக்காலத்தில் இலக்கணம், தர்க்கம், சொற்கலை மூன்றும் பாடங்கள். வளர்ச்சிப் பருவங்கள் அல்ல. வயதோடு இணைத்தது சேயர்ஸ். குழந்தை உளவியலில் தன் பார்வை ஏற்கப்பட்டதல்ல என்று அவரே அந்தப் பேச்சில் ஒப்புக்கொண்டு, தன் சொந்தச் சிறுவயதை நினைத்துத்தான் வகுத்ததாகவும் சொல்கிறார். யோசனையாக எடுத்துக்கொண்டால் மிக நல்ல யோசனை. விதியாக எடுத்துக்கொண்டால் இரண்டு தீங்கு.

ஒன்று, 8 வயதுப் பையன் "ஏன்" என்று கேட்டால் "அது உன் படி இல்லை" என்று வாயை அடைப்பது. இரண்டு, 11 வயதுப் பெண்ணுக்கு "இலக்கணப் படி முடிந்துவிட்டது" என்று லத்தீன் அடிப்படையைத் தாண்டி நேராகத் தர்க்க நூலைக் கையில் கொடுப்பது. அவள் லத்தீனில் முதல் படியில்தான் இருக்கிறாள். படி என்பது பாடத்துக்கு, பிள்ளைக்கு அல்ல.

கணக்கை மறந்துவிடாதீர்கள். மூன்று கலைகளுக்கு அடுத்து எண், வடிவியல், இசை, வானியல் என்று நாலு கலைகள் இருந்தன. இந்த முறையில் படிக்கும் பல வீடுகளில் லத்தீன் ஜொலிக்கும், பின்னம் நொண்டும். வாய்ப்பாட்டைப் பாடுவதால் பின்னம் வராது. நாளுக்கு 45 நிமிடம் கணக்கு, லத்தீனுக்கு முன்னால், காலையில் மூளை புதிதாக இருக்கும்போது.

புராணக் கதை பற்றி: பெரியவர்களிடம் சபைப் பிதா அகஸ்டினைச் சொல்லிப் பயனில்லை, பவுலைச் சொல்லுங்கள். அப்போஸ்தலர் 17:28-இல் அத்தேனே பட்டணத்தாரிடம் அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துப் பேசுகிறார். அது அராட்டஸ் எழுதியது, அந்தப் பாட்டு சேயுசைப் பற்றியது. "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்று ஞாயிறுபள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோமே, 1 கொரிந்தியர் 15:33, அது மெனாந்தர் என்ற கிரேக்க நாடக ஆசிரியரின் வரி. தீத்து 1:12-இல் வருவது ஒரு கிரேத்தா தீவுப் புலவனின் வாக்கு. படிக்காதவன் எடுத்துச் சொல்ல முடியாது. தானியேலும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். விலக்கியது ராஜாவின் போஜனத்தைத்தான்.

ஆனாலும் பெரியவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. 8 வயதில் முழுப் புராணமும் தேவையில்லை. தேவர்களின் காமக் கதைகளை விட்டு யுலிஸ்ஸஸ் பயணம், ட்ரோய் குதிரை, இக்காருஸ் போன்றவற்றோடு நிறுத்துங்கள். வரிசையும் முக்கியம்: ஆதியாகமம், யாத்திராகமம் கதைகள் நன்றாகப் பதிந்த பிறகு கிரேக்கம். ஒவ்வொரு கதைக்கும் பின் ஒரே கேள்வி: "இந்தத் தேவன் எதற்குப் பயப்படுகிறான்?" சேயுஸ் எதற்கெல்லாம் பயப்படுகிறான் என்று பிள்ளைகளே பட்டியல் போடுவார்கள்.

---

மேடைப்பேச்சு

பெரிய பெண்ணுக்கு எழுத்துப் பயிற்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய கிரேக்கப் பள்ளிகளில் 14 படி இருந்தது; நாலாம் நூற்றாண்டு அப்தோனியுஸ் வகுத்த வரிசையைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். முதல் வருடம் முதல் இரண்டு படி போதும்: நீதிக்கதை, நிகழ்ச்சி சொல்லுதல். ஒரே கதையை ஐந்து வரியாகச் சுருக்கு, பிறகு ஒரு பக்கமாக விரி, பிறகு நடுவிலிருந்து தொடங்கிச் சொல். வாரம் ஒரு கதை. முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். வாயால் சொல்ல வராததை எழுதச் சொன்னால் புத்தகத்தைத் திறந்து நகலெடுப்பாள்.

12 வயதுக்கு மேல் மூன்றாம் படி, கிரெயா. ஒரு பெரியவர் சொன்ன வாக்கை எடுத்து எட்டுத் தலைப்பில் விரிப்பது. சொன்னவர் இன்னார் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது நாலாவது படியான பழமொழிப் பயிற்சி. சாலொமோனின் நீதிமொழிகள் 15:1-ஐ எடுங்கள்: மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும். முதலில் சொன்னவரின் பெருமை. பிறகு அதே கருத்து வேறு சொற்களில். பிறகு காரணம்: கோபக்காரன் எதிர்ப்பைத் தேடுகிறான், கிடைக்காதபோது தளர்கிறான். பிறகு எதிர்மறை: கடுஞ்சொல் சொன்ன ரெகொபெயாம் பத்துக் கோத்திரத்தை இழந்தான். பிறகு உவமை, அவளே கண்டுபிடிக்கட்டும். பிறகு எடுத்துக்காட்டு: நியாயாதிபதிகள் 8-இல் எப்பிராயீமரின் கோபத்தைக் கிதியோன் தணித்த விதம். ஏழாவது முன்னோர் சாட்சி: இங்கே குறளை வையுங்கள், "இனிய உளவாக இன்னாத கூறல் கனியிருப்பக் காய்கவர்ந் தற்று". எட்டாவது இரண்டு வரி முடிப்பு.

வழக்கமான பிழை: எதிர்மறையும் எடுத்துக்காட்டும் ஒரே கதையாகப் போவது. இரண்டுக்கும் வேறு வேறு ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

சென்னைக் கேள்வி விட்டுப்போயிற்று. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நேரடியாகப் பதியலாம், குறைந்தது 14 வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது கட்டாயம், தமிழும் எடுக்கலாம். லத்தீன் அந்தத் தேர்வில் உதவாது. எனவே தமிழ் எழுத்துப் பயிற்சியை இப்போதே வாரம் மூன்று நாள் வையுங்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கும் தேர்வில் ஒரு பக்கம் எழுதுவதற்கும் நடுவே மூன்று வருடம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதுவது இன்னொரு வழி, செலவு கூடுதல்.

---

பிளேனோக்காரி

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை சும்மா முதல் பாடத்தைப் பார்த்தேன். அதற்குள் ஒரு சந்தேகம். "அக்ரிகொல" அகரத்தில் முடிகிறது, அப்படியானால் பெண்பால்தானே? நல்ல உழவனுக்கு "போன" என்று போட்டால் விடைப் புத்தகத்தில் "போனுஸ்" என்றிருக்கிறது.

---

நான்காம்வேற்றுமை

விடைப் புத்தகம் சரி. உருபு எந்த வரிசை என்பது வேறு, பால் வேறு. உழவன், மாலுமி, புலவன் மூன்றும் பெண்பால் மாதிரி அகரத்தில் முடிந்தாலும் ஆண்பால்: அக்ரிகொல, நௌத, பொயேத. ரோமில் அந்தத் தொழில்களை ஆண்கள் செய்தார்கள். பெயரடை ஆளைப் பார்க்கும், வாலைப் பார்க்காது. ஒரே அட்டையில் மூன்றையும் எழுதிப் பெட்டியில் "தினமும்" பிரிவில் போடுங்கள். அடுத்த வியாழன் சொல் பிரிக்கும்போது இதுதான் முதலில் வரும்.